கிள்ளான் கிட் சின்னையாவை அடித்த கை

பிரிக்பீல்ட்ஸில் என் வயதுக்காரர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் மிச்சம் இருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள். "கிள்ளான் கிட் சின்னையாவா? நல்ல போக்ஸர். கண்ணு போனதுக்கு அப்புறம் பொண்டாட்டியப் போட்டு அடிப்பாரு. பாவம் அந்தப் பொம்பள." அந்தப் பொம்பளை நான்தான். போன தைப்பூசத்துக்குச் சங்கத்துக்காரர்கள் ஒரு மலர் போட்டார்கள். அதில் அவரைப் பற்றி அரைப் பக்கம். கடைசி வரியில் "இல்லறத்தில் அமைதி வாய்க்கவில்லை" என்று நாசூக்காக முடித்திருக்கிறார்கள். எழுதியவன் என் வீட்டுக்கு நடந்து வரக் கால் மணி நேரம் ஆகாது. வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் என்ன செத்தா போய்விட்டேன்?

அதனால் நானே எழுதுகிறேன். அவர் என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அடித்தவள் நான். ஜப்பான்காரன் காலத்தில், மூன்றரை வருஷம், தினமும் காலையில், பெரும்பாலும் இடது கையால் அடித்தேன்.

என் பெயர் நல்லம்மாள். நல்லது பேரில்தான், நாக்கில் இல்லை என்று அம்மா சொல்வாள். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எழுதினால் தோஷமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். சின்னையா கிள்ளானில் தண்டவாளம் போடும் கூலிக்காரரின் மகன். ஆள் உயரமில்லை. கை நீளம். பதினெட்டு வயதில் கிள்ளான் கேளிக்கைப் பூங்காவில் போட்டிக்கு ஏறினார். இருபத்து மூன்றில் சிலாங்கூர் சாம்பியன் ஆனார். சுவரொட்டியில் 'கிள்ளான் கிட்' என்று போட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

அவர் பெரிதாக அடிக்கிறவர் இல்லை. அடி வாங்காதவர். அதுதான் அவருடைய வித்தை. எதிராளியின் கை வரும்போது தலையை ஓரங்குலம் நகர்த்துவார், அவ்வளவுதான். கை காற்றில் போகும். ஆள் தடுமாறுவான். "காத்தக் குத்தவா கிள்ளானுக்கு வந்த?" என்று கூட்டம் எதிராளியைக் கிண்டல் செய்யும். பத்து ரவுண்டு முடிந்து இறங்கும்போது, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் இறங்குவார்.

அவருடைய கூட்டாளி உமர், கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். இருவரும் சேர்ந்துதான் பயிற்சி செய்தார்கள். உமர் அண்ணன் இடதுகைக்காரர். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எங்கே சந்தித்தாலும், கோயில் வாசலானாலும் பாசார்க் கடைத்தெருவானாலும், முதலில் உமர் அண்ணன் இடது கையை விரித்து என் வீட்டுக்காரரின் வலது கன்னத்தைப் பார்த்து வீசுவார். இவர் ஓரங்குலம் நகர்வார். நகர்ந்த வேகத்திலேயே உமர் அண்ணனின் வயிற்றில் ஒரு தட்டு. பிறகுதான் "என்ன மச்சான்" எல்லாம். எங்கள் கல்யாணப் பந்தியில் அப்படி வீசினார். மாலை போட்ட மாப்பிள்ளையை ஒருவன் அறைய வருகிறானே என்று நான் அலறிவிட்டேன். உமர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "பயப்படாத தங்கச்சி. இவன் கன்னத்துல விழுற அறைய இனிமேதான் ஒருத்தன் பொறந்து வந்து அறையணும்" என்றார்.

நான் அப்போதே பிறந்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். யாருக்குத் தெரியும்?

1940-இல் கண் போயிற்று. பினாங்கிலிருந்து வந்த ஒருவனோடு போட்டி. ஐந்தாவது ரவுண்டில் இருவரும் கட்டிப் பிடித்து விலகும்போது, அவனுடைய கையுறைக் கட்டைவிரல் இவருடைய இடது கண்ணுக்குள் போய்விட்டது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் இவர் கடைசிவரை சொன்னார். மிச்ச ஐந்து ரவுண்டையும் ஒற்றைக் கண்ணால் ஆடி, ஜெயித்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலையில், "நல்லம்மா, வீட்டுல பாதி இருட்டா இருக்கு" என்றார். கண்ணுக்குள் இருக்கிற திரை கிழிந்துவிட்டது, இனி ஒட்டாது என்றார் டாக்டர். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் நின்று பேசினால்தான் தெரியும், முழுத் தலையையும் திருப்புவார்.

அதோடு ரிங் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் ஸ்டோரில் வேலை கிடைத்தது. ஸ்பேனர், போல்ட், எண்ணெய் டின். ஜெய்னுதீன் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் பாதியில் நாங்களும், மறு பாதியில் பாயும் அவர் மனைவி அமீனா பீவி அக்காவும் குடியிருந்தோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் தாளிக்கிற வாசம் மட்டுமல்ல, தாளிக்கிற சத்தமும் இந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கத்துச் சத்தமும் அந்தப் பக்கம் போகும்.

1942 ஜனவரியில் ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. யார்டில் எட்டு மணிக்கு ஆள் நிற்க வேண்டும். எட்டு மணி என்றால் உண்மையில் ஆறரை. வெளிச்சம் சரியாக வந்திருக்காது. வாசலுக்கு இடது கைப் பக்கம் காவல் கூண்டு. அதில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான். நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது கூண்டு வலது பக்கம் வந்துவிடும், அவருக்குத் தெரியும். காலையில்தான் சனியன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், பேசிக்கொண்டே போனவர்களோடு இவரும் போயிருக்கிறார். முன்னால் போனவர்கள் குனிந்தார்கள். காவல்காரன் அன்றைக்குக் கூண்டை விட்டு இரண்டடி பின்னால் நின்றிருக்கிறான். இவருக்கு அந்தப் பக்கம் உலகமே கிடையாது. நேராக நடந்தார். அவன் வந்து இடது கன்னத்தில் ஒன்று விட்டான். அது வந்தது தெரியவில்லை, விழுந்துவிட்டது. அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. அவன் புறங்கையால் வலது கன்னத்துக்கு இன்னொன்று வீசினான். அது வந்தது தெரிந்தது. தெரிந்ததும் தலை ஓரங்குலம் நகர்ந்துவிட்டது.

வீசின வேகத்தில் ஜப்பான்காரன் சுழன்று ஒரு காலை மடக்கிச் சேற்றில் ஊன்றினான். வரிசையில் நின்ற யாரோ ஒருவன் சிரித்துவிட்டான்.

துப்பாக்கிக் கட்டையால் இவர் தோளிலும் முதுகிலும் அடித்தார்கள். பிறகு ஒரு தண்டவாளக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாலை வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். ஆறு மணிக்கு இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே யார்டு குமாஸ்தா ராதாகிருஷ்ணன் வந்தார். அவர் நாலு ஜப்பான் வார்த்தை படித்து வைத்திருந்தார், அதனால் அவர்களிடம் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. நான் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"சின்னையா, கும்பிட மறந்ததுக்கு அடி. அதோட போயிடும். விலகினதுக்கு அப்படி இல்ல. அவனுங்க அடிச்சா ஆடாம நின்னு வாங்கிக்கணும். வாங்கிட்டு மறுபடி குனியணும். விலகினா எதுத்தேன்னு கணக்கு. இன்னிக்கு நான் பேசி முடிச்சேன். இன்னொரு தடவ விலகினா லோரில ஏத்திடுவாங்க. ஏறினவன் ஒருத்தனும் திரும்பி வரல."

"நான் வேணும்னு விலகல அண்ணே" என்றார் இவர். "தல தானா போயிடுது."

"அப்ப தலைக்குச் சொல்லு" என்றார் ராதாகிருஷ்ணன்.

வேலையை விட்டுவிடலாம் என்றேன். யார்டு அட்டை இருந்தால்தான் அரிசி. அட்டை இல்லாத ஆம்பளையைத் தெருவில் பார்த்தால் எதற்கு என்று கேட்காமல் பிடிப்பார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நான்கு நாள் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் காலை அடுப்படிக்கு வந்து, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த என் முன்னால் கையைத் தொடையோடு ஒட்டி வைத்து நின்றார்.

"நல்லம்மா, என்னை அடி."

என்ன உளறுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் உளறவில்லை. ரிங்கில் ஒரு வித்தையைப் பழக ஆயிரம் தடவை செய்ய வேண்டும், விடவும் ஆயிரம் தடவை செய்ய வேண்டும் என்றார். இடது பக்கம் விழுவது பிரச்சினை இல்லை, அது விழுந்த பிறகுதான் தெரியும். வலது பக்கம் வருவதுதான் தெரிகிறது, தெரிந்தால் தலை போய்விடுகிறது. அந்தப் பக்கம்தான் அடிக்க வேண்டும். எதிரே நின்று அவருடைய வலது கன்னத்தில் அறைவதென்றால் என் இடது கையால் அறைய வேண்டும்.

இடது கையால் ஒரு வெற்றிலையை நீட்டினால்கூட எங்கள் வீட்டில் திட்டு விழும். புருஷனை, அதுவும் இடது கையால். கை அழுகிவிடும் என்றேன். "அழுகட்டும். நான் இருந்தா மருந்து போடுறேன்" என்றார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒன்று விட்டேன். தலை நகர்ந்தது. என் கை நிலைக்கதவில் பட்டு விரல் வீங்கிப் போயிற்று. அவர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையை அவர்மேல் எறிந்தேன், அதற்கும் விலகிவிட்டார். இருவரும் சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாளும் விலகினார். அதற்கு மறுநாளும். பத்துப் பதினைந்து நாளில் ஒன்று விழுந்தது. பலகை வீட்டில் அந்தச் சத்தம் பட்டாசு மாதிரி இருந்தது. அறைந்துவிட்டு நான்தான் உட்கார்ந்து அழுதேன். அவர் நின்ற இடத்திலேயே குனிந்து வணங்கி நிமிர்ந்து, "நின்னேனா?" என்று கேட்டார்.

"நின்னீங்க" என்றேன்.

அதன்பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். "ஜப்பான்காரனுக்கு ஏது வெள்ளிக்கிழம?" என்றார். அடித்த பிறகு நான் கையைக் கழுவிக்கொண்டு, அவர் சட்டை மாட்டிக்கொண்டு, இருவரும் யார்டு வரை சேர்ந்து நடப்போம். நான் அவருக்கு இடது பக்கம். காவல் கூண்டு வரும்போது முழங்கையால் இடிப்பேன், அவர் நிற்பார், இருவரும் குனிவோம். அவர் உள்ளே போவார், நான் திரும்புவேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனுக்குப் பின்னால்தான் நடப்பார்கள். "துரைசானி கைகோத்துட்டுப் போறா பாரு" என்று குழாயடியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் அமீனா அக்கா கேட்டுக்கொண்டிருந்தது வேறு. அவர் காதுக்குப் போனது இரண்டே சத்தம். முதலில் அறை. அடுத்தது பொம்பளை அழுகை. தினமும் காலையில் இந்த இரண்டும் வந்தால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள் முறத்தில் கொஞ்சம் கீரையோடு வந்து என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனமுமா புள்ள?" என்றார்.

நான் கீரையை வாங்கி ஆய ஆரம்பித்தேன்.

"மொகத்துல தடம் காணோமே. எங்க அடிக்கிறாரு? சொல்ல வேணாம், விடு. ஆம்பளைக்கு வெளிய அவமானம், வீட்டுக்குள்ள வந்து காட்டுறான். அடிக்கிற கைதான் புள்ள அணைக்கும். பொறுத்துக்க."

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த ஜெய்னுதீன் பாய், இவரைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கறுப்புக் காப்பி கொடுத்தாராம். "தம்பி, தப்பா நெனக்காதீங்க. உங்க கை சாம்பியன் கை. பொம்பளப் புள்ள தாங்காது" என்று புத்தி சொல்லியிருக்கிறார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி பாய். இனிமே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏன் இல்லன்னு சொல்லல? நான் போய்ச் சொல்றேன் அக்காகிட்ட" என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என்னன்னு சொல்லுவ? கிள்ளான் கிட் வீட்டுல பொண்டாட்டிகிட்ட அறை வாங்கிப் பழகுறான்னா? சிரிப்பாங்க நல்லம்மா. பொண்டாட்டிய அடிக்கிறவன்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. வையத்தான் செய்வாங்க. அது பரவால்ல."

இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். புருஷனை அடிக்கிறவள் என்று பேர் எடுப்பதைவிட அடி வாங்குகிறவள் என்று பேர் எடுப்பது எனக்கும் சுலபமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நாங்கள் மூட முயற்சி செய்யவே இல்லை.

ஒரு வருஷத்தில் நான் அழுவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் அறைந்துவிட்டு அப்படியே திரும்பி அடுப்பை ஊதினேன். ஊதும்போதுதான், இன்றைக்கு அழவில்லையே என்று தோன்றியது. கை மரத்துப் போயிருந்தது. கை மட்டும்தான் மரத்தது என்று சொன்னால் பொய்.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். நான் அடிக்கப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது, மனசைக் கட்டிக்கொண்டு நிற்க முடிகிறது, ஜப்பான்காரன் சொல்லிவிட்டு அடிக்க மாட்டான். "சொல்லாம அடி" என்றார். அதனால் சொல்லாமல் அடித்தேன். மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருக்கும்போது. செருப்பு மாட்டும்போது. ஏதாவது பழைய கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது. முதலில் கண் சிமிட்டும், பிறகு அதுவும் நின்றது. கிழங்கை வாயில் வைத்தபடியே அறையை வாங்கிக்கொண்டு, எழுந்து, கையைத் தொடையில் ஒட்டி, குனிந்து நிமிர்ந்து, "நின்னேனா?" என்பார். பிறகு உட்கார்ந்து மென்று விழுங்குவார். வீடென்று ஒன்று இருந்தது, அதற்குள்ளும் அவருக்கு எந்த நிமிஷமும் அடி விழும் என்று ஆக்கினவள் நான்.

1943-இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த என் தம்பியை லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செய்தி வந்த மறுநாள் காலை இவர் எதிரே வந்து நின்றார். நான் அறைந்தேன். ஒன்றோடு நிறுத்தவில்லை. இடது கை, வலது கை, மறுபடி இடது. எத்தனை என்று தெரியவில்லை. என் மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினேன். அவர் உதட்டோரம் இரத்தம். குனிந்து நிமிர்ந்து, "நின்னேனா?" என்றார். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன்.

"இன்னிக்குத்தான் நீ ஜப்பான்காரன் மாதிரி அடிச்ச" என்றார். குறையாகச் சொல்லவில்லை. வாத்தியார் மார்க் போடுவது போலச் சொன்னார்.

தம்பி திரும்பி வரவில்லை. அதை எழுதினால் வேறு கதை ஆகிவிடும்.

பழகியதெல்லாம் எதற்கு என்பது 1944-இல் ஒரு நாள் தெரிந்தது. அதற்கு முன்னும் சில்லறை அறைகள் விழுந்திருந்தன, ஒன்று இரண்டோடு போயின. அன்றைக்குக் காவலில் இருந்தவன் புதியவன். என்ன கடுப்பில் இருந்தானோ, வரிசையில் வந்த எல்லோரையும் நிறுத்தினான். எங்களுக்கு முன்னால் மூட்டை தூக்குகிற ஒருவர் நின்றார். காவல்காரன் அவரை அறைந்தான். இரண்டாவது அறைக்கு அந்த மனிதர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை, மறைத்தார், அவ்வளவுதான். இரண்டு பேர் ஓடி வந்து அவரை இழுத்துப்போய் வாசலோரம் நின்ற லோரியில் தள்ளினார்கள். அவருடைய தலைத்துண்டு எங்கள் காலடியில் கிடந்தது.

அடுத்து இவர். முழங்கையால் இடித்தேன், நின்றோம், குனிந்தோம். காவல்காரன் இவரை நிமிரச் சொல்லிவிட்டு அறைய ஆரம்பித்தான். நான் குனிந்தபடியே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. இடது, வலது, இடது, வலது. ஒவ்வொரு வலதுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன, ஒரு நூல் அசையவில்லை. சரியாகத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கிற மனசுதான் அப்போது இருந்தது.

காவல்காரனுக்குக் கை வலித்திருக்கும். நிறுத்தினான். இவர் குனிந்து நிமிர்ந்தார். போ என்று கையைக் காட்டினான். லோரி கிளம்பிப் போயிற்று. இவர் உள்ளே போனார். நான் வீட்டுக்கு வந்து கிழங்கை அரிந்தேன்.

புருஷன் பிழைத்தார். அதற்காகத்தானே இத்தனையும். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் வரவில்லை. மாலை வந்தவர் வீங்கிய முகத்தோடு, "நின்னேனா?" என்றார். "நின்னீங்க" என்றேன். இருவரும் சாப்பிட்டோம்.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான்காரன் தோற்றான் என்று சொன்னார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. செப்டம்பரில் வெள்ளைக்காரப் பட்டாளம் தெருவில் வந்த பிறகு கடிகாரத்தைப் பின்னால் தள்ளினோம். மறுநாள் காலை வழக்கம்போல இவர் அடுப்படியில் வந்து கையைத் தொடையில் ஒட்டி நின்றார்.

"இனிமே வேணாங்க. முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"ஆமால்ல" என்றார். ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் போனார்.

அந்த வருஷக் கடைசியில் கிள்ளான் பூங்காவை மறுபடி திறந்தார்கள். முதல் நாள் குத்துச்சண்டைப் போட்டி வைத்தார்கள். போட்டிக்கு முன்னால் பழைய சாம்பியனை ரிங்கில் ஏற்றி மாலை போட வேண்டும் என்று உமர் அண்ணன்தான் ஏற்பாடு செய்திருக்கிறார். போரில் அவர் எங்கெங்கோ இருந்து இளைத்துத் திரும்பியிருந்தார். நாங்கள் மூன்றரை வருஷமாக அவரைப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பி வரச்சொன்னார். நான் இவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தேன். இரண்டு பேரும் ரயிலேறிக் கிள்ளான் போனோம். எனக்குக்கூட ஒரு மாதிரி உற்சாகமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம், நல்ல கூட்டம். எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் "கிள்ளான் கிட்" என்று கூப்பிட்டதும் கூட்டம் எழுந்து கத்தியது. இவர் கயிற்றுக்குள் நுழைந்து ஏறினார். மாலை போட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது.

அப்போது உமர் அண்ணன் மறு பக்கக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூட்டத்துக்கு இது தெரிந்த விளையாட்டு. "போடு உமரு" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் ஒளிக்கவில்லை. நேர் எதிரே, நல்ல கண்ணுக்கு எதிரே வந்து நின்று, வாயெல்லாம் பல்லாக, இடது கையை விரித்து வீசினார். விழாது என்ற நம்பிக்கையில் முழு வேகத்தில் வீசினார். எத்தனை வருஷமாக வீசிய கை அது.

விழுந்தது.

சத்தம் ஒலிபெருக்கியில் போய் கூட்டம் முழுக்கக் கேட்டது. இவர் தலை ஒரு நூல் நகரவில்லை. தூக்கியிருந்த கை இறங்கித் தொடையோடு ஒட்டியது. குதிகால் இரண்டும் சேர்ந்தன. கழுத்தில் மாலையோடு, உமர் அண்ணனைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். வணங்கி நிமிர்ந்து, அடுத்த அறைக்கு நின்றார்.

உமர் அண்ணன் தன் கையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "மச்சான், நான்டா. உமருடா" என்றார். மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டு இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர் கை இரண்டும் தொடையை விட்டு எழவில்லை. கூட்டத்தில் இருந்த எல்லோரும் ஜப்பான்காரன் இந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு, "பாவிப்பசங்க" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். இரண்டரை வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அந்த அம்மாள் அதையும் வேறு மாதிரித்தான் புரிந்துகொண்டிருப்பார்.

போட்டி பார்க்காமல் கிளம்பிவிட்டோம். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் பழக்க தோஷத்தில் அவருக்கு இடது பக்கம்தான் நடந்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வலது கன்னத்தில் உமர் அண்ணனின் விரல் அப்படியே பதிந்திருந்தது. பாதி தூரம் வந்த பிறகு முழுத் தலையையும் என் பக்கம் திருப்பினார்.

"நின்னேனா?" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அன்றைக்கு நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் முகத்தில் இருந்தது ஜெயித்துவிட்டு இறங்குகிறவனின் முகம். அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நின்னீங்க" என்றேன்.